தோணியும் கோதையும்

தோணியில் ஏறும், ஆனால் சரக்கு இல்லை. இரண்டு பேர் கேட்பார்கள், ஆனால் பங்கு போட முடியாது. அது என்ன? யோசித்துக்கொண்டே கதையைக் கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் ஆழிமங்கலம் என்ற கடற்கரை நாட்டை ஓர் அரசர் ஆண்டுவந்தார். வழக்கு கொஞ்சம் நீண்டாலே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் மருதப்பனும் கலியனும் அவைக்கு வந்தார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு தோணி. அவர்களுக்கு நடுவில் கோதை என்ற சிறுமி நின்றாள். மருதப்பன் அவளுக்குச் சித்தப்பா, கலியன் தாய்மாமன். அவளுக்கு அம்மா இல்லை. கடலுக்குப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. அவள் கண் வாசலைத் தாண்டி அலைகளிலேயே இருந்தது.

பிரிந்துபோக நினைத்த இருவரும் தோணியையும் கேட்டார்கள், கோதையையும் கேட்டார்கள்.

துறைத்தலைவர் வில்லவராயர் ஓர் ஓலையை நீட்டினார். "அரசே, தோணியைப் பற்றியோ அதில் உள்ளதைப் பற்றியோ சண்டை வந்தால் நான் சொல்வதே முடிவு என்று இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தோணி மருதப்பனுக்கு. இந்தப் பெண் தினமும் அதில்தான் தூங்குகிறாள். அதனால் அவளும் அவனுக்கே. இதற்கு அமைச்சரின் விசாரணை எதற்கு?"

"பிள்ளையைப் பற்றி நாங்கள் எழுதவே இல்லையே, ஐயா" என்றான் கலியன்.

"ஓலை இருக்கிறது, வழக்கு முடிந்தது" என்று அரசர் எழுந்துவிட்டார்.

அமைச்சர் இளஞ்சாத்தன் கைகூப்பினார். "தோணியை ஒருமுறை பார்த்துவிடலாம், அரசே. துறைத்தலைவரே ஏறிக் காட்டட்டும்."

எல்லோரும் துறைக்குப் போனார்கள். பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வில்லவராயர் தோணியில் ஏறினார்.

"மருதப்பா, துறைத்தலைவரும் இப்போது தோணியில்தான் இருக்கிறார்" என்றார் அமைச்சர். "அவரும் உனக்கே. ஓட்டிக்கொண்டு போ. வலை உலர்த்த உதவுவார்."

"நான் என்ன சரக்கா?" என்றார் வில்லவராயர்.

"கோதை மட்டும் சரக்கா, ஐயா?" என்றார் அமைச்சர்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த ஓலையைக் கிழித்துப் போடுங்கள்" என்றார்.

"வேண்டாம், அரசே" என்றார் அமைச்சர். "தோணிக்காக இவரை நம்பி எழுதினார்கள். அந்தத் தீர்ப்பு நிற்கட்டும். எழுதாததை மட்டும் நீங்கள் விசாரியுங்கள்."

அரசர் தம் மோதிரத்தைக் கழற்றி அமைச்சருக்குப் பரிசாகக் கொடுத்தார். வில்லவராயர் தலை குனிந்தபடி இறங்கினார்.

"யாரோடு இருக்க விரும்புகிறாய், அம்மா?" என்று அரசர் கோதையிடம் கேட்டார்.

"தோணி எங்கே போகும், சித்தப்பா?"

"தெற்கே, வேறு துறைக்கு."

"நீங்க, மாமா?"

"நான் இந்தக் கரையில்தான், கண்ணு."

கோதை கடலைப் பார்த்தாள். "அப்பா இந்த மணலில்தான் என்னை இறக்கிவிட்டார். வந்தால் இங்கேதானே தேடுவார்?"

தோணி தெற்கே போனது. கோதை மாமாவோடு கரையில் இருந்தாள்.