யாரும் கடக்காத முக்கு

எங்கள் ரோட்டை நாலு வழியாக்கி, நடுவே சுவரை எழுப்பி, ஊரை இந்தப் பக்கமும் பூச்சந்தையை அந்தப் பக்கமும் நிறுத்தியது நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளான நீங்கள்தான். பழியை அடுத்தவர் தலையில் கட்ட வேண்டாம். இப்போது ஒரே ஒரு சுரங்கப்பாதை தருகிறீர்களாம். அதை எங்கே தோண்டுவது? அதில்தான் வம்பு.

எங்கள் ஊர் சடையம்பட்டி முக்குக்கு நேர் எதிரே சந்தை. மொட்டு விரிவதற்குள் மல்லிகை ஏலத்துக்குப் போயாக வேண்டும். விரிந்த பூவை எவனும் சீண்டமாட்டான். முக்கில் சுவருக்கு ஒரு திறப்பு விட்டிருக்கிறீர்கள்; ஆனால் அதை ஒட்டி ரோடு மேடேறி இறங்குகிறது. மேட்டைத் தாண்டும் லாரி, கண்ணில் படும்போதே நம் மேலே வந்து நிற்கும். தெற்கே ஒரு மைல் தள்ளிப் பெட்ரோல் பங்க். அங்கேயும் சுவரில் ஒரு திறப்பு உண்டு. சுற்றிலும் வெறும் கரடு, ஒரு குடிசை கிடையாது.

பொறியாளர் இருதயராஜ் நேர்மையானவர். இரண்டு இடத்திலும் ஆள் நிறுத்தி எண்ணினார். பங்க் திறப்பில் விடியும்போதே பூ மூட்டையோடு பைக்குகள் குவிந்தன, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் வடக்கே ஓடும் வண்டிகளுக்கு எதிர்த்திசையில். முக்கில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

“அப்போ சுரங்கப்பாதை பங்க்கிட்டதான் வரணும்,” என்றார் அவர், பங்க் வாசலில் நின்று.

பங்க் முதலாளி காத்தமுத்துவுக்கு வாயெல்லாம் பல். “பின்ன? ஆளே இல்லாத முக்குல பேயா போகப்போகுது?”

பூ ஏற்றிவந்த மரகதம் வண்டியை நிறுத்தினாள். “வாயக் கழுவுங்கண்ணே. இப்படி எதிர்த்திசையில வரயில பஸ்ஸு மோதி எம் வீட்டுக்காரருக்குக் கால் போச்சு. இன்னிக்கு அதே வழியில நான் ஓட்டிட்டு வாரேன். எங்க முக்குல கட்டுங்க சார்.”

“அங்க யாருமே கடக்கலையேம்மா!” என்றார் பொறியாளர்.

மரகதம் மொட்டு விரிகிறதே என்று வண்டியை முறுக்கிப் பறந்துவிட்டாள்.

எண்ணிப் பார்த்தவர் சொன்னது சரியா, எண்ணாதவள் கேட்டது சரியா?

விடை: மரகதம் கேட்டதுதான் சரி. கரட்டில் யாருக்கு வீடு? பங்க்கில் குவிந்த அத்தனை மூட்டையும் சடையம்பட்டிப் பூ. முக்கில் கடக்கப் பயந்து ஒரு மைல் சுற்றியவர்களை எண்ணிவிட்டு, முக்குக்கு ஆளே இல்லை என்று முடித்துவிட்டார் இருதயராஜ். விலையைக் கேட்டு மிரண்டு திரும்பியவனை, வாங்க ஆசையில்லாதவன் என்பீர்களா? கையெழுத்துப் போடப் போகிறவரே, அவள் இன்னும் எதிர்த்திசையில்தான் வந்துகொண்டிருக்கிறாள். பேனாவை மூடிவிட்டு ஒரு விடிகாலை எங்கள் முக்கில் வந்து நில்லுங்கள். நின்ற இடத்திலேயே தோண்டச் சொல்லுங்கள்!