ராணியின் மூக்குக்கு ஏற்ற சுருட்டு

நெடுங்குளம் பாளையத்தை ஆண்ட ராஜா குமாரபூபதிக்கு எதிரி கிடையாது. ஏரி வற்றியது கிடையாது. ஒரே குறை, ராணி சௌந்தரவல்லி அவரைச் சுருட்டும் கையுமாகத் தன் அறைக்குள் விடுவதில்லை.

ராஜாவின் பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று அந்த அரண்மனையில் உண்டு. வெள்ளிப்பெட்டியில் இருக்கும் பட்டத்துச் சுருட்டு எரிகிறவரை, அதைப் பிடிப்பவரைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால், எவராயிருந்தாலும், வெளியே போய் நிற்க வேண்டும். பாட்டனார் பெரிய யோசனைக்காரர், அவருக்கு அமைதி தேவைப்பட்டது. பேரனுக்கு யோசனை வந்து சேரவில்லை. வழக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே ராணியும் வாய் திறக்காமல்தான் விரட்டுவாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவை நோக்கி விரலை நீட்டுவாள்.

"ராணி பொறுத்துக்கொள்ளும் வாசமுள்ள சுருட்டைக் கொண்டுவாருங்கள்! பரீட்சைக்கு வருவதெல்லாம் பட்டத்துச் சுருட்டுதான்!" என்று ராஜா சபையில் உத்தரவு போட்டார்.

வந்து குவிந்தன சுருட்டுகள். பன்னீரில் ஊறியது, சந்தனம் தடவியது, மல்லிகைப் பூவோடு பொதிந்து வைத்தது. ஒவ்வொன்றுக்கும் விரல் நீண்டது. புகை அடங்கியபின் ராணி காரணமும் சொல்லியனுப்பினாள். ஏலக்காய்ச் சுருட்டு, அடிப்பிடித்த பாயசம். மல்லிகைச் சுருட்டு, தீப்பிடித்த கல்யாண வீடு.

தளவாய் வீரபாகு தொண்டையைச் செருமினார். "மகாராஜா, சுருட்டை மாற்றிப் பார்த்தாயிற்று. ராணியை மாற்றிப் பார்த்தால் என்ன? என் அக்காள் மகள் இருக்கிறாள். அடக்கமான பெண். புகை அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை."

சபையில் மற்றவர்கள் தலையாட்டினார்கள். செங்கமலத்துக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மறைந்த சபைப் புலவரின் மகள். அப்பாவின் ஆசனத்தில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருந்தாள். பெண்பிள்ளைக்கு ஆசனம் எதற்கு என்று தளவாய் கேட்காத நாளில்லை.

"ஏன் தளவாயே, மூக்கு ராணியம்மாவுடையது. அந்த மூக்குக்கு என்ன வேண்டுமென்று அவர்களிடம் யாராவது கேட்டீர்களா?"

"மூக்கிடம் போய் யாராவது யோசனை கேட்பார்களா?"

"வாயிடம் கேட்கலாமே!"

ராஜாவுக்கு இந்த வாக்குவாதம் அலுத்தது. "வெள்ளிக்கிழமை வரை நேரம் தருகிறேன், செங்கமலம். அதற்குள் சுருட்டு வரவில்லையென்றால் தளவாய் வீட்டில் பெண் பார்ப்பேன். நீ ஆசனத்தைக் காலி செய்."

அவள் நேரே ராணியிடம் போனாள்.

"அம்மா, உங்களுக்கு எந்த வாசம்தான் பிடிக்கும்?"

ராணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாலு வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்டி. எங்க அப்பா ஊர் புகையிலைச் சீமை. பாடம் போட்ட புகையிலைப் பக்கத்துலதான் எனக்குத் தொட்டில் கட்டினாங்க."

"அப்புறம் ஏன் விரட்டுகிறீர்கள்?"

"சபை கலைஞ்சு வருவார், பத்தவைப்பார். நான் வாயை மூடிக்கணும். சுருட்டு அணையும்போது அவரும் குறட்டைக்குப் போயிடுவார். எனக்குப் பேச எப்போ நேரம்?"

"இதை அவரிடமே சொல்லலாமே?"

"வழக்கம் சரியில்லைன்னு சொன்னா ராஜத்துரோகம். வாசம் சரியில்லைன்னு சொன்னா, பொம்பளை ஏதோ சொல்றான்னு விட்டுடுவாங்க."

செங்கமலம் முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

வெள்ளிக்கிழமை. ராணியின் அறையில் ராஜா, தளவாய், செங்கமலம். அவள் ஒரே ஒரு சுருட்டை வெள்ளித் தட்டில் ஏந்தி வந்தாள். ராஜா கையை நீட்டினார். தட்டு அவரைத் தாண்டி ராணியிடம் போனது.

"பரீட்சை ராணியம்மாவின் மூக்குக்குத்தானே, மகாராஜா? அவர்களே பிடித்துப் பார்க்கட்டும்."

நியாயம்தான் என்று ராஜாவுக்குப் பட்டது. ராணி நுனியைக் கடித்துத் துப்பி, விளக்கில் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்தாள். புகையிலைச் சீமைக்காரி. புகை வளையமாக வந்தது.

"அபசாரம்!" என்றார் தளவாய்.

"பட்டத்துச் சுருட்டு எரியுது, தளவாய்," என்றாள் ராணி. "வெளியே."

தளவாய் ராஜாவைப் பார்த்தார். ராஜா வாய் திறக்கவில்லை. வழக்கம் வழக்கம்தான். தளவாய் போனார்.

ராணி சாய்ந்து உட்கார்ந்தாள். "இந்த அறைக் கூரை மூணு மழைக்காலமா ஒழுகுது. என் தம்பி கல்யாணத்துக்கு நாம போகலை. ஏன்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. தளவாய் வீட்டுப் பெண் மேல ஆசைன்னா என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்."

ராஜாவின் கண் கலங்கியது. புகையாலா, பேச்சாலா என்று சொல்வதற்கில்லை.

"அப்புறம், நீங்க வீணை வாசிக்கறது கேக்கற மாதிரி இல்லை."

"நன்றாகத்தானே..."

"வெளியே."

நெடுங்குளம் ராஜா கூடத்தில் தளவாய்க்குப் பக்கத்தில் போய் நின்றார். செங்கமலமும் பின்னாலேயே வந்தாள்.

"ராணி பொறுத்துக்கொண்டுவிட்டாள். ஒப்புக்கொள்கிறேன்," என்றார் ராஜா. "என்னால்தான் பொறுக்க முடியவில்லை."

"ராஜா பொறுக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லையே."

"இத்தனை நல்ல சுருட்டு எங்கே கிடைத்தது?"

"உங்கள் வெள்ளிப்பெட்டியில்தான். தினமும் நீங்கள் பிடிப்பது."

ராஜா கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சௌந்தரவல்லி! உள்ளே வரலாமா?"

"இன்னும் பாதி இருக்கு," என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"பெண் பார்ப்பதெல்லாம் வேண்டாம், தளவாய்," என்றார் ராஜா. "அந்த வழக்கத்தையும் இன்றோடு எடுத்துவிடுகிறேன். செங்கமலம், ஆசனம் உனக்குத்தான். வேறென்ன வேண்டும்?"

"வழக்கத்தை முழுசாக எடுக்க வேண்டாம், மகாராஜா," என்றாள் செங்கமலம். "சபையில் தளவாய் பேச எழுந்திருக்கும்போது மட்டும் ஒன்று பற்றவைத்துக்கொள்ளுங்கள்."