கொக்கு அத்தை

கண்ண மூடிக்கோ, கோதை. காலையில வந்த சொந்தக்காரங்க சொன்னதையே நினைச்சுட்டு இருக்காத. உன் மோவாயைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இவ நம்ம வீட்ல யாரு ஜாடையும் இல்லையே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் போட்ட காபியையும் குடிச்சுட்டு. எனக்கு வந்த கோவத்துக்கு... சரி விடு. அத்தை கதை சொல்றேன். "ம்" கொட்டணும்.

ஒரு ஊர்ல... ஊர் எதுக்கு, ஒரு ஆத்துல ஒரு முதலையம்மா இருந்தா. கரை மணல்ல குழி தோண்டி முட்டை இட்டு மூடிட்டு, பக்கத்துலயே படுத்துக்கிட்டா. பசிக்குது. ஆனா எழுந்து போனா யாராச்சும் வந்து முட்டையைத் தின்னுடுவாங்களே. குட்டி பொரியற நாள் வரைக்கும் அப்படியே கிடந்ததுல வயிறு ஒட்டிப்போச்சு, பாவம்.

ம்?

அப்போ சரக் சரக்னு ஒரு உடும்பு வந்துச்சு. "அக்கா, என்னைப் பாருங்க. உங்க செதில், உங்க வால், உங்க நடை. அச்சு அசல் உங்க தம்பி மாதிரியே இல்ல? போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்"னுச்சு. முதலையம்மாவும் ஜாடையைப் பாத்து நம்பிட்டா. சளக்னு தண்ணியில இறங்கிட்டா.

அப்புறம் மீன் பிடிச்சுத் தின்னுட்டு, அக்கரையில ஒரு பாறைமேல சாஞ்சா. அந்தப் பாறைக்குள்ள, ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்க எலும்பெல்லாம் கல்லாக் கிடந்துச்சு. பயப்படாத, நல்லவங்கதான்.

டொக் டொக். "யாரும்மா அது? நான் உன் பங்காளி. இலை தழை தின்னே வாழ்ந்தவ"ன்னுச்சு ஒரு கல்லு. "முதலை எங்கயாச்சும் தழை திங்குமா"ன்னு இவ சிரிச்சா.

டொக் டொக். "நானும் பங்காளிதான். எனக்குக் காலெல்லாம் துடுப்பு மாதிரி, வால் மீன் வால் மாதிரி. கடல்லயே கிடந்தேன்"னுச்சு இன்னொரு கல்லு. "ஜாடையே இல்லையே"ன்னா இவ. எல்லாரும் ஒரே பேச்சு, பாரு.

அப்புறம் மூணாவதா ஒண்ணு. டொக் டொக். "நான் ரெண்டு கால்ல நிமிந்து குடுகுடுன்னு ஓடினவ. ஜாடை கிடக்கட்டும், பிள்ளைங்களை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"உடும்புகிட்ட. என் ஜாடை."

பாறையே கடகடன்னு ஆடிப்போச்சு. "அடிப் பைத்தியமே, அவன் நம்ம கிளையே இல்ல. ஆதியில ஒரு தாய்க்கு அண்ணனும் தங்கச்சியும் பொறந்தாங்க. அண்ணன் வழி நாம எல்லாம். தங்கச்சி வழிக்கு றெக்கை முளைச்சுப் பறந்து போச்சு. நாங்க கல்லாயிட்டோம். இன்னைக்கு உசுரோட இருக்கறதுல உனக்கு நெருங்கின சொந்தம் பறவைங்கதான். ஓடு, ஓடு."

அங்க உடும்பு பரபர பரபரன்னு மணலைத் தோண்டிட்டு இருக்கு. ஒரு முட்டை போயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், போயிடுச்சுதான். மத்த முட்டைக்குள்ள இருந்து ஞ்யாவ் ஞ்யாவ்னு குட்டிங்க அம்மாவைக் கூப்பிடுது. உடும்புக்கு அது வெறும் சத்தம். ஆனா ஒத்தக் கால்ல நின்னுட்டு இருந்த ஒரு கொக்குக்குப் பகீர்னுச்சு. அதோட குஞ்சுங்களும் முட்டைக்குள்ள இருந்து இப்படித்தானே கூப்பிடும்?

படபடன்னு பறந்து வந்து உடும்பு மூக்குலயே நங்கு நங்குன்னு கொத்துச்சு. உடும்பு வாலைச் சுழட்டி விளாசுச்சு. கொக்குக்கு ஒரு றெக்கை மடங்கிப்போச்சு. ஆனாலும் முட்டையை விட்டு நகரல.

ம் சொல்லு. ம்.

அப்போ சளார்! முதலையம்மா வந்துட்டா. உடும்பு திரும்பிக்கூடப் பாக்காம ஓடிப்போச்சு.

அப்புறம் அவ மணலை விலக்கி, முட்டையைப் பதமாக் கடிச்சு உடைச்சு, குட்டிங்களை வாயில ஏந்திட்டுத் தண்ணிக்குப் போனா. கொக்கும் நொண்டி நொண்டிக் கூடவே வந்துச்சு. ஒரு குட்டி எட்டிப் பாத்து, "இது யாரும்மா? நம்ம ஜாடையே இல்லையே"ன்னுச்சு.

"உன் அத்தைடா. நீ கூப்பிட்டப்போ வந்துச்சு பாரு"ன்னா முதலையம்மா.

தூங்கிட்டியா, கோதை? ராத்திரி முழிப்பு வந்தா நான் பக்கத்து ரூம்லதான் இருக்கேன். "அத்தை"ன்னு கூப்பிடக்கூட வேண்டாம், சும்மா முனகினாப் போதும். வந்துடுவேன். குட்டியெல்லாம் தண்ணியில இறங்கிடுச்சு, கதையும் கூடவே இறங்கிடுச்சு. நீ தூங்கு.