வடக்கு மேலே!

குன்றின் அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் மயில்தான் வாத்தியார். முயல், அணில், கீரி, ஆமை என்று முப்பத்தொரு குட்டிகள் அங்கே படித்தன. படித்தன என்பதைவிடக் கத்தின என்று சொல்வதுதான் சரி.

"சூடான காற்று மேலே போகும்!" என்று மயில் சொல்லும்.

"மேலே போகும்!" என்று குட்டிகள் தொண்டை கிழியக் கத்தும்.

"சூரியன் மேற்கே மறையும்!"

"மேற்கே மறையும்!"

"வடக்கு மேலே, தெற்கு கீழே!"

"வடக்கு மேலே, தெற்கு கீழே!"

இந்தக் கடைசிப் பாடத்துக்கு மட்டும் ஒரு வரைபடம் உண்டு. பள்ளிக்கூடத்து முன்னால் செங்குத்தாக நிற்கும் பாறையில் மயில் அதைச் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருந்தது. நடுவில் பள்ளிக்கூடம். பாறையின் உச்சியில் வளைந்து வளைந்து ஒரு கோடு. அதுதான் ஆறு.

"ஆறு எங்கே?" என்று மயில் கேட்கும்.

"வடக்கே!"

"வடக்கு எங்கே?"

"மேலே!"

"சபாஷ்!" என்று மயில் தோகையை விரித்து ஓர் ஆட்டம் போடும். அன்றைய பாடம் முடிந்தது.

நிஜமான ஆறு கள்ளிக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஓடியது. பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே குளம் இருந்ததால் முள்ளில் மாட்டிக்கொண்டு யாரும் அங்கே போனதில்லை. பாறையில் பார்த்ததோடு சரி.

வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் சிலும்பி என்ற முள்ளம்பன்றிக் குட்டிக்குத்தான். அதன் அம்மா சடைச்சி ஒருநாளும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. பகலெல்லாம் தூங்குவது முள்ளம்பன்றிக் குலத்து வழக்கம். மகள் படிக்க வேண்டும் என்று சடைச்சி அந்தத் தூக்கத்தையே விட்டுவிட்டாள். விடிந்ததும் கிழங்கு தோண்டி, ஒரு பங்கை வாத்தியாருக்கு வைத்து, மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். மாலையில் மகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டால் அவளுக்கு அலுப்பெல்லாம் பறந்துவிடும்.

ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதைச் சொன்னாலும், "எங்கே, காட்டு!" என்பாள்.

"சூடான காற்று மேலே போகும்மா!"

"அப்படியா? எங்கே, காட்டு!"

"காட்டுறதா? ஐயோ அம்மா, இது பாடம்! சொன்னாலே போதும்."

சடைச்சிக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் நேராக வகுப்புக்கே போய்விட்டாள்.

"வாத்தியாரையா, வடக்கு வடக்குன்னு என் பொண்ணு ராப்பகலா சொல்லுது. அது எந்தப் பக்கம்னு கேட்டா பாறையைக் காட்டுது. நிஜ வடக்கை ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டக் கூடாதா?"

மயில் கழுத்தை நீட்டி அவளை மேலும் கீழும் பார்த்தது.

"கிழங்கு தோண்டுறவளுக்குப் பாடத்தைப் பத்தி என்ன தெரியும்? நீ தோண்டு. நான் சொல்லிக்கொடுக்கிறேன்!"

குட்டிகள் கொல்லென்று சிரித்தன. சிலும்பியும் சேர்ந்து சிரித்தது. அதுதான் சடைச்சிக்குத் தாங்கவில்லை. முதுகு முள்ளெல்லாம் சலசலவென்று எழுந்து நின்றது. பதில் சொன்னால் வாத்தியார் மகள்மேல் கோபத்தைக் காட்டும் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கோபம் மட்டும் அவள் வயிற்றிலேயே கிடந்தது.

கோடை வந்தது. குளம் வற்றிச் சேறானது. அந்தச் சமயத்தில்தான் கரடி அதிகாரி பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்தார்.

மயில் கேட்கக் கேட்கக் குட்டிகள் மழையாகப் பொழிந்து தள்ளின. ஒரு பிழை இல்லை, ஒரு திக்கல் இல்லை. கரடி இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கடைசியில், "மிக நன்று! இந்தக் காட்டிலேயே இதுதான் சிறந்த பள்ளி!" என்று சொல்லி, சிலும்பியின் தலையில் ஒரு செம்பருத்திப் பூவைச் செருகினார். சடைச்சி கொண்டுவந்த கிழங்கை எல்லாம் தின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். பொழுது மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. தெற்கே காய்ந்த புல்வெளியிலிருந்து புகை எழுந்தது. பின்னாலேயே நெருப்பு வந்தது.

"தீ! தீ!" என்று அணில்கள் அலறின.

மயில் ஒரு தாவு தாவி மரக்கிளையில் ஏறியது. "பயப்படாதீங்க! ஆறு வடக்கே இருக்கு! எல்லாரும் வடக்கே ஓடுங்க!" என்று கத்தியது. அடுத்த கணம் சிறகை அடித்துக்கொண்டு மேலே எழும்பிப் புகைக்குள் மறைந்துவிட்டது.

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்தன. வாத்தியாரும் மேலேதான் போனார். பாடமும் அதைத்தானே சொல்கிறது?

"வடக்கு மேலே!" என்று சிலும்பி கூவியது. "எல்லாரும் என் பின்னால வாங்க!"

செம்பருத்திப் பூவோடு அது குன்றின்மேல் ஏற ஆரம்பித்தது. முதல் மதிப்பெண் வாங்கியவள் சொன்னால் தப்பாகவா இருக்கும்? குட்டிகள் கூட்டமாகப் பின்னால் ஓடின. கீழே நெருப்பும் குன்றின் தெற்கு அடியைத் தொட்டுவிட்டது.

சடைச்சி அப்போதுதான் காலிக் கூடையோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். மகளின் குரல் கேட்டதும் கூடையை வீசிவிட்டு ஓடினாள். குறுக்கு வழியில் ஏறி, குட்டிகளுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றாள். அத்தனை முள்ளும் விரிந்து பாதையை அடைத்தது.

"நில்லுடி! எங்கே போறே?"

"வடக்கேம்மா! ஆத்துக்கு! வழியை விடு!"

"ஆறு மலை உச்சியிலயா ஓடும்?"

"பாறையில அப்படித்தான் போட்டிருக்கு! உனக்கு என்னம்மா தெரியும்? நீ படிச்சியா?"

இத்தனை நாள் வயிற்றில் கிடந்த கோபம் சடைச்சிக்குத் தலைக்கு ஏறியது.

"நான் படிக்கலைடி! படிச்சிருந்தா உன்னை ஏன் கேக்கப் போறேன்? நீ படிச்சவதானே? என் தூக்கத்தை வித்துப் படிக்க வச்சேனே! எங்கே, காட்டு! அதோ கருகின இலையெல்லாம் பறக்குதே, அது எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துச் சொல்லு!"

சிலும்பி நிமிர்ந்து பார்த்தது. கருகிய இலைகள் அதன் தலையைத் தாண்டி உச்சியை நோக்கிப் பறந்துகொண்டிருந்தன. அனலும் புகையும் அந்தப் பக்கமே ஏறின. தூரத்தில் ஒரு புதரைப் பிடித்த தீ, கண்ணெதிரிலேயே அதற்கு மேலே இருந்த புதருக்குத் தாவியது.

"மேலே..." என்றது சிலும்பி. "சூடான காற்று மேலே போகும்."

சற்று முன்பு கரடியிடம் ஒப்பித்த அதே வரிதான். அது இப்படி முகத்தில் சுடும் என்று சிலும்பிக்கு அதுவரை தெரியாது.

"அம்மா, தீ நமக்குப் பின்னாலயே ஏறும்! மேலே போனா செத்தோம்!"

"அப்ப வடக்கு எங்கே? அதையும் காட்டு!"

"தெரியலையேம்மா!" என்று சிலும்பி அழுதது.

"அழுதா நெருப்பு நிக்காது! வடக்கைத் தவிர வேற எதையாவது சொல்லிக்கொடுத்தானா அந்த மயிலு?"

சிலும்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தது. "சூரியன் மேற்கே மறையும்..." என்று முணுமுணுத்தது. புகைக்கு நடுவில் சூரியன் சிவப்பாகச் சாய்ந்துகொண்டிருந்தது. "அப்படின்னா அதுதான் மேற்கு! பாறையில மேற்கு இடது பக்கம் இருக்கும்!" சூரியன் தன் இடது கைப் பக்கம் வரும்படி அது மெல்லத் திரும்பி நின்றது. அதன் மூக்கு கள்ளிக்காட்டைப் பார்த்தது.

"அம்மா! வடக்கு மேலே இல்லை! அதோ, அந்தக் கள்ளிக்குப் பின்னால!"

"அப்படிச் சொல்லு! எல்லாரும் இறங்குங்க!" என்று சடைச்சி கர்ஜித்தாள்.

கள்ளிக்குள் அவளே முதலில் பாய்ந்தாள். முள்ளுக்கு முள் பயப்படுமா? அவள் முட்டி மோதி உண்டாக்கிய வழியில் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. பச்சைக் கள்ளியில் தீ சட்டென்று பிடிக்கவில்லை. மறுபக்கம் வந்தபோது எதிரே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

நீர் குறைந்திருந்த இடமாகப் பார்த்து எல்லாரும் அக்கரைக்குப் போனார்கள். அங்கே ஒரு மருத மரத்தில் மயில் உட்கார்ந்து தோகையைக் கோதிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? நான் சொன்னபடியே வடக்கே வந்தீங்க பார்த்தீங்களா! அதுதான் படிப்பு! வருகை முப்பத்தொன்று. எல்லாரும் இருக்கீங்க!"

"எண்ணினியா?" என்று சடைச்சி கேட்டாள்.

"எதுக்கு எண்ணணும்? என் வகுப்பு முப்பத்தொன்றுதான். தினமும் அதைத்தான் சொல்றேன்!"

சிலும்பி ஒவ்வொரு குட்டியாகத் தொட்டு எண்ணியது. தன்னையும் சேர்த்துக்கொண்டது. முப்பதுதான் வந்தது. மறுபடியும் எண்ணியது. முப்பதுதான்.

"அம்மா, ஓட்டானைக் காணோம்! ஆமைக் குட்டி!"

சடைச்சி ஆற்றில் நன்றாக முங்கி எழுந்து, வந்த வழியே திரும்பி ஓடினாள். பள்ளிக்கூடத்து ஆல மரம் எரிந்துகொண்டிருந்தது. வரைபடப் பாறையைச் சுற்றி மட்டும் கூட்டிப் பெருக்கிய வெறும் மண். அதனால் தீ இன்னும் அங்கே வரவில்லை.

பாறையின் அடியில் ஓட்டான் இருந்தான். முன்னங்கால் இரண்டையும் பாறையில் வைத்து ஏறப் பார்த்தான், சறுக்கி விழுந்தான், மறுபடியும் ஏறப் பார்த்தான். சுண்ணாம்புக் கோடுகளின்மேல் அவன் நகம் கீறிய தடங்கள் வரிவரியாக இருந்தன.

"என்னடா பண்றே இங்கே?"

"வடக்கே போறேன் அத்தை," என்றான் ஓட்டான் மூச்சிரைக்க. "ஏறவே முடியலை."

சடைச்சிக்கு அழுகை வந்தது. அழுகையை விடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. அவனைத் தலையால் முட்டி உருட்டி உருட்டிக் கொண்டுவந்து ஆற்றில் தள்ளினாள். அவள் முதுகில் பாதி முள் கருகிப்போயிருந்தது.

கரை ஏறியதும் அவள் நேராக மயிலின் முன்னால் போய் நின்றாள்.

"நீ வரைஞ்ச பாறையில ஏறி வடக்கே போகப் பார்த்துச்சு இந்தப் பச்சப்பிள்ளை! வேறே எங்கே போகும்? வேறே எதைக் காட்டினே நீ?"

"நான் ஒரு வார்த்தை தப்பா சொல்லலையே! கரடி அதிகாரியே மிக நன்றுன்னு..."

"நீ சொன்னதெல்லாம் சரிதான்! அதைச் சொல்லிக்கிட்டேதான் முப்பது குட்டிங்க நெருப்புக்குள்ள ஏறிச்சுங்க! உனக்குச் சிறகு இருந்துச்சு. இதுங்களுக்கு நீ கொடுத்த பாடம் மட்டும்தான் இருந்துச்சு!"

மயில் தோகையைச் சுருக்கிக்கொண்டது. இந்தத் தடவை எந்தக் குட்டியும் சிரிக்கவில்லை. சிலும்பி தலையிலிருந்த வாடிய செம்பருத்திப் பூவை எடுத்து மயிலின் காலடியில் வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.

ஆற்றங்கரையில் புதுப் பள்ளிக்கூடம் தொடங்கியது. புது வரைபடத்தைப் பாறையில் வரையக் குட்டிகள் விடவில்லை. மணலில் படுக்கையாக வரைந்து, அதன் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கும்படி வைத்தார்கள். மயில்தான் அங்கேயும் வாத்தியார். ஆனால் அது எந்தப் பாடத்தை ஆரம்பித்தாலும் முப்பத்தொரு குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"எங்கே, காட்டுங்க!"

அவற்றில் எல்லாவற்றையும்விட உரத்த குரல் ஓட்டானுடையது.

நீதி: வாயால் சொல்லத் தெரிந்தால் மட்டும் படிப்பாகிவிடாது, சொன்னதைக் கண்ணால் கண்டு, கையால் காட்டத் தெரிந்தால்தான் அது படிப்பு.