அழுங்கின் முதுகில் அம்புமுனைகள்

அந்தக் காலத்தில், மிருகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, அழுங்குக்குச் செதில் கிடையாது. இன்று நாம் எறும்புத்தின்னி என்று சொல்கிறோமே, அதுதான் அழுங்கு. அப்போது அதன் உடம்பு முழுவதும் மெத்தென்று இருந்தது.

மலைச்சரிவு ஒன்றில் ஒரு தாய் அழுங்கு தன் குட்டியோடு வாழ்ந்தது. வேடர்கள் தவறவிட்ட கல் அம்புமுனை ஒன்று ஒருநாள் அதற்கு வழியில் கிடைத்தது. இலை போல மெல்லியது. வெயிலில் பிடித்தால் ஓரம் மின்னியது. “இதை நானும் செஞ்சு பார்த்தா என்ன?” என்று அழுங்குக்கு ஆசை வந்துவிட்டது.

ஓடையில் பழுப்புக் கற்களைப் பொறுக்கி வந்தது. குட்டி தூங்கும் நேரத்தில் சரிவின் மேல் உட்கார்ந்து, உருண்டைக் கல்லால் டக் டக்கென்று தட்டியது. நடுவில் அடித்தால் கல் இரண்டாகப் போனது. ஓரத்தில் சாய்த்துத் தட்டினால் அகலமாக ஒரு சில்லு பெயர்ந்தது. அதன் விளிம்பை மான்கொம்பு நுனியால் அழுத்தி அழுத்திக் கூராக்க வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் முறிந்துவிடும். முறிந்ததையெல்லாம் சரிவில் வீசியது. கீழே சில்லுகள் குவிந்தன.

பக்கத்துப் புதரில் இருந்த முயலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏன்க்கா, அம்பு செஞ்சு யாரை எய்யப் போறே? கறையானையா?”

“யாரையும் இல்லடி. செஞ்சு பார்க்கணும்னு ஆசை, அவ்வளவுதான்.”

“ஆசை சரி. இந்தச் சத்தம் சிறுத்தை காதுல விழுந்தா என்ன பண்ணுவே?”

அழுங்குக்கும் அந்தப் பயம் இருந்தது. இத்தோடு நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைக்கும். மறுநாள் நல்ல கல் ஒன்று கண்ணில் பட்டுவிடும்.

ஒரு மதியம், முனை ஒன்று முறியாமல் வந்தது. முயல் ஓடிவந்து பார்த்து வாயைப் பிளந்தது.

“அட! நிசமா நீயாக்கா செஞ்சே?”

“நான்தான். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் கோணல்.”

முனையைக் குச்சியில் ஒட்டுவதற்காக, பாறைக்குழி நிறைய வேங்கை மரப் பிசினை வெயிலில் இளக வைத்திருந்தது அழுங்கு. குட்டியும் விழித்துக்கொண்டு அருகே வந்து நின்றது. அப்போதுதான் புல் அசைந்தது. முயல் புதருக்குள் பாய்ந்து மறைந்தது.

“உன் தட்டல் கேட்டுத்தான் வந்தேன்,” என்றது சிறுத்தை. “குட்டியை விட்டுட்டு நீ போ. உன்னை ஒண்ணும் செய்யமாட்டேன்.”

அழுங்கின் கையில் முனை இருந்தது. எறிந்தால் சிறுத்தையின் மூக்கில் ஒரு கீறல் விழலாம். ஆனால் குட்டியைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அழுங்கு முனையைப் போட்டுவிட்டது. அது சரிவில் துள்ளி விழுந்து கீழே குவியலில் சேர்ந்தது. குட்டியை வயிற்றோடு அணைத்து, தலையை உள்ளே இழுத்து, வாலால் மூடிப் பந்தாகச் சுருண்டு உருண்டது. பாறைக்குழிக்குள் ஒரு புரளல், உடம்பெல்லாம் பிசின். அங்கிருந்து கடகடவென்று சில்லுக் குவியலுக்குள். சில்லுகளெல்லாம் முதுகில் ஒட்டிக்கொண்டன.

சிறுத்தை பாய்ந்து ஒரு கடி கடித்தது. “ஐயோ!” என்று அலறியது. உதடு கிழிந்துவிட்டது. காலால் அடித்தது, காலும் கிழிந்தது. “இது என்னடா பிராணி! எங்கே பார்த்தாலும் கூரா இருக்கு!” என்று நொண்டிக்கொண்டே போய்விட்டது.

அழுங்கு மெல்லச் சுருள் பிரிந்தது. குட்டி அதன் அணைப்பில் மறுபடி தூங்கிப்போயிருந்தது.

“அக்கா, நீ செஞ்ச நல்ல முனை எங்கே?” என்று கேட்டது புதரிலிருந்து வெளியே வந்த முயல்.

“முதுகுல எங்கேயோ ஒட்டியிருக்குடி. நீதான் தேடிச் சொல்லணும்.”

முயல் தேடிப் பார்த்தது. கோணல்மாணலான அத்தனை சில்லுகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அழுங்குக்குச் செதில் வந்தது அன்றைக்குத்தான். குட்டியை அணைத்திருந்த வயிற்றில் மட்டும் எதுவும் ஒட்டவில்லை. அதனால்தான் இன்றும் அழுங்கின் முதுகெல்லாம் கூர்மை, வயிறு மட்டும் மெத்தென்று இருக்கிறது.