பால் உருகிய அறை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வந்த இரண்டாவது குளிர்காலம். இங்கிலாந்தில் நிலக்கரிக்குப் பெரும் பஞ்சம். எங்கள் ஆரம்பப் பள்ளியில் கணப்பு மூட்ட வகுப்புக்குத் தினமும் ஒரு வாளி கரி என்று கணக்கு. மூன்றாம் வகுப்பான எங்களுக்கு மட்டும் அது வந்ததே இல்லை.

பிள்ளைகளுக்குத் தினமும் இலவசப் பால் உண்டு. அன்று அது பாட்டிலுக்குள் கல்லாய் உறைந்து, மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு நின்றது.

பள்ளியைப் பார்வையிட வந்த நகரசபை உறுப்பினர் அம்மாளிடம் தலைமையாசிரியர் பிரிட்சர்ட் பெருமை பேசினார். "பத்தே நிமிஷத்துல எல்லாப் பாட்டிலும் காலியாகும் பாருங்க!" எங்களிடம் பிரம்பைக் காட்டினார். "மிச்சம் வச்சா அடிதான்."

பள்ளியைக் கூட்டுகிறவரின் மகள் எட்னா எழுந்தாள்.

"சார், உங்க பால் உறையலையா?"

"என் அறையிலயா? அஞ்சு நிமிஷத்துல உருகிடும்!"

"அப்போ எங்களுதையும் அங்கேயே வச்சுக்கிறோம் சார்."

"நல்ல யோசனை" என்று அம்மாளே பால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் நாங்கள் நாற்பது பேர்.

அறையில் கணப்பு தகதகவென்று எரிந்தது. பக்கத்தில் ஒரு கரி வாளி. அதில் எழுதியிருந்ததை அம்மாள் நிதானமாகப் படித்தார்: "மூன்றாம் வகுப்பு."

"அது... இன்னைக்கு வழிதவறி வந்திருக்கும்" என்றார் பிரிட்சர்ட்.

"தினமும் வழிதவறுது சார்" என்றாள் எட்னா. "இங்க சாம்பல் அள்ளுறது எங்கம்மாதான்."

வாளியை எங்கள் வகுப்புக்குத் தலைமையாசிரியரே இரண்டு கையாலும் தூக்கி வந்தார். பிரம்பைப் பிடிக்க அவருக்குக் கை மிச்சமில்லை.