மாடி ஏறிய கால்

முன்னாள் ஹவில்தார் இருதயராஜின் ஊன ஓய்வூதிய மனுவை அதிகாரி ஒரே வரியில் தள்ளுபடி செய்திருந்தார்: 'மூன்று மாடி ஏறி வந்தார், ஊனம் இல்லை.'

மேல்முறையீட்டுக்கு அவர் மனைவி பிலோமினா மட்டும் மேலே வந்து, மேசைமேல் ஒரு செயற்கைக் காலை வைத்தாள்.

"என்னம்மா இது?"

"அன்னைக்கு மாடி ஏறினது இதுதான் சார். நீங்க எழுதினது சரி, இதுக்கு ஒரு ஊனமும் இல்ல. ஊனமுள்ளவர் கீழே உக்காந்திருக்கார்."

"சரி, வச்சிட்டுப் போங்க."

"பட்டாளத்துல கொடுத்த சாமான் சார். கையெழுத்து வாங்காம யார்கிட்டயும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

அவள் போனால் போதுமென்று அதிகாரி எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார்: 'இருதயராஜின் இடது செயற்கைக் கால் பெறப்பட்டது.'

பிலோமினா அந்த ரசீதை மனுவோடு இணைத்து அவரிடமே நீட்டினாள்.

"இப்ப ஊனம் இல்லன்னு எழுதுங்க சார்."

மனு ஏற்கப்பட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் என்பதால், அந்தக் காலை அதிகாரியே மூன்று மாடி சுமந்து இறங்கினார்.